உப்பிட்ட சாலையில் ஓடும் இரும்பு

ஒரே தொழிற்சாலையில், ஒரே வருஷத்தில், ஒரே தரமான உருக்குத் தகட்டிலிருந்து உருவான இரண்டு பிக்கப் வண்டிகளில் ஒன்று அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள அரிஸோனாப் பாலைவனத்து ஊருக்கும், மற்றொன்று வடக்கே பேரேரிகளின் கரையிலுள்ள மிச்சிகன் ராஜ்யத்து ஊருக்கும் போய்ச் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷங்கள் கழித்து இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், அரிஸோனா வண்டியின் வர்ணம் வெயிலில் வெளுத்து, இருக்கைகள் பிளந்து, ஸ்டீயரிங்குக்கு முன்னுள்ள பலகை வெடித்துப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆயினும் அதன் அடியில் படுத்து, முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கும் ஏணி வடிவச் சட்டத்தை, பட்டறைக்காரர்கள் சேஸிஸ் என்கிறார்களே அதை, ஒரு சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மிச்சிகன் வண்டியோ மேலுக்குப் பளபளவென்று இருந்தாலும், அதன் சட்டத்தைத் தட்டும்போது உளுத்த மரத்தைத் தட்டியதுபோல் மந்தமான ஓசை எழும். துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழும். சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும்.

வெப்பம் அழிக்கும், குளிர் காக்கும் என்பதுதான் நம் சமையலறை நமக்குக் கற்றுத் தந்த பாடம். பாலும் பழமும் குளிரில் கெடாமல் இருக்கின்றன; ரசாயன மாறுதல்கள் பெரும்பாலும் குளிரில் மந்தப்படுகின்றன. அப்படியிருக்க, கடும் வெயிலில் காய்ந்த இரும்பு பிழைக்கவும், பாதி வருஷம் பனியில் கிடந்த இரும்பு அழியவும் காரணம் என்ன? ‘சாலையில் கொட்டும் உப்பு’ என்று மிச்சிகனில் எந்தக் குழந்தையும் பதில் சொல்லிவிடும். பதில் சரியானதே; ஆனால் அது பாதிப் பதில். உதிர்ந்த துருவை எடுத்துப் பகுத்துப் பார்த்தால் அதில் இருப்பவை பிரதானமாக இரும்பும் பிராணவாயுவும் நீரும்தாம். உப்பு அந்தக் கூட்டில் பெரும்பங்கு வகிப்பதில்லை, செலவாவதுமில்லை. இரு குடும்பங்களைச் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்படும் தரகரைப்போல, அது காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு மீண்டும் வேலைக்குத் தயாராக நிற்கிறது. அந்தத் தரகு எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், வண்டியைக் காப்பதற்குச் சந்தையில் விற்கும் நூறு உபாயங்களில் எது உண்மையானது, எது வீண் செலவு என்பது விளங்கும்.

உப்பு சாலைக்கு வந்த கதையை முதலில் பார்ப்போம். பனிக்கட்டியின் மேற்பரப்பில் ஓயாத போக்குவரத்து ஒன்று நடக்கிறது. கட்டியிலிருந்து சில மூலக்கூறுகள் விடுபட்டு நீரோடு சேர்கின்றன. நீரிலிருந்து சில மூலக்கூறுகள் கட்டிக்குத் திரும்பி அடங்குகின்றன. பூஜ்ய டிகிரியில் போவோரும் வருவோரும் சமம். அந்த நீரில் உப்பைக் கரைத்தால், வாசலை அடைத்து நிற்கும் கூட்டத்தைப்போல உப்பின் துகள்கள் திரும்பி வருவோருக்கு இடைஞ்சலாகின்றன, வெளியேறுவோருக்கோ தடையில்லை. ஆகவே கட்டி கரைந்துகொண்டே போகிறது. சாதாரண உப்பு தத்துவப்படி பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையில் இதைச் செய்ய வல்லது. நடைமுறையில் பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரியைத் தாண்டினாலே அதன் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். அதற்கும் கீழான குளிருக்குக் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகிய வேறு உப்புக்களைக் கலக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம் 1938-இல் சாலையில் உப்பிட்டுப் பரிசோதனை செய்தது. அன்று ஒரு மாநிலத்தின் சோதனையாக இருந்தது, இன்று அந்நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பைச் சாலைகளில் இறைக்கும் பழக்கமாக வளர்ந்திருக்கிறது. அந்த உப்பில் ஒரு பகுதி, சுமார் 40 கோடி வருஷங்களுக்கு முன் பேரேரிகளின் பிரதேசத்தில் பரந்து கிடந்து வற்றிப்போன கடலின் மிச்சம். கனடாவில் ஹியூரான் ஏரிக் கரையிலுள்ள காட்ரிச் என்ற ஊரில் 1866-இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு உப்புத்தான் கிடைத்தது. இன்று அங்கே ஏரியின் அடியில் உலகத்திலேயே மிகப் பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மோட்டார் வண்டிகளின் தலைநகரமான டெட்ராய்ட்டின் அடியிலும், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், அதே உப்புப் படிவம் கிடக்கிறது. வண்டி பிறக்கும் ஊரின் நிலத்தடியிலேயே அதன் யமனும் குடியிருக்கிறான்.

இனி, துரு என்பது என்னவென்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளைப் போட்டுச் செய்யும் பரிசோதனை பலருக்கு நினைவிருக்கும். முதல் குழாயில் காற்று உண்டு, ஈரம் இல்லை. ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கால்சியம் குளோரைடு போட்டிருப்பார்கள். இரண்டாவதில் நீர் உண்டு, காற்று இல்லை. நீரைக் கொதிக்கவைத்து அதில் கரைந்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, புதுக் காற்று புகாமல் மேலே எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். மூன்றாவதில் நீரும் காற்றும் சேர்ந்திருக்கும். சில நாட்களில் மூன்றாவது ஆணி மட்டும் துருப்பிடிக்கும். நீரும் பிராணவாயுவும் ஒருங்கே இருந்தாலன்றித் துரு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நான்காவதாக ஒரு குழாயில் உப்புநீரும் காற்றும் வைத்தால், அங்குள்ள ஆணி மற்றெல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். அரிஸோனா வண்டி முதல் குழாயிலும், மிச்சிகன் வண்டி நான்காவது குழாயிலும் வாழ்ந்தன என்று சொன்னால் புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது முடிச்சு நுட்பமானது. இரும்பு துருப்பிடிப்பது விறகு எரிவதைப்போல ஒரே இடத்தில் நடக்கும் ஒற்றைக் காரியமன்று. அது ஒரு சிறிய மின்கலம் வேலை செய்வதைப் போன்றது. டார்ச் விளக்கின் பாட்டரியில் ஒரு முனையில் உலோகம் கரைந்து எலெக்ட்ரான்களை விட்டுச் செல்ல, மறுமுனையில் வேறொரு பொருள் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஈரமான இரும்புத் தகட்டிலும் அப்படியே. ஓரிடத்தில் இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, மின்னூட்டம் பெற்ற அயனிகளாக நீருக்குள் இறங்குகின்றன; அவ்விடத்தைக் ‘கரைவாய்’ என்று அழைப்போம். விடப்பட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி இன்னோரிடத்தில் வெளிப்பட, அங்கே நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு அவற்றை ஏற்றுக்கொள்கிறது. அதை ‘ஏற்புவாய்’ என்போம். இந்த வட்டம் பூர்த்தியாக நான்கு அங்கங்கள் வேண்டும்: கரைவாய், ஏற்புவாய், இரண்டையும் இணைக்கும் உலோகம், இரண்டையும் நனைத்து அயனிகளுக்கு வழிவிடும் நீர். நான்கில் ஒன்றை நீக்கினால் மின்கலம் நின்றுவிடும். துருத்தடுப்புக் கலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

கண்ணுக்குத் தெரியாத இந்த மின்கலம் உண்மையில் இருக்கிறதென்பதை எப்படி அறிந்தோம்? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பணியாற்றிய யூலிக் எவான்ஸ் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் ஓர் அழகான பரிசோதனை அதைக் கண்ணாரக் காட்டுகிறது. சுத்தமாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு துளி உப்புநீரை வைக்கிறோம். அந்த நீரில் இரண்டு சாயப் பொருள்களைக் கலந்திருக்கிறோம்: ஒன்று, இரும்பு எங்கே கரைகிறதோ அங்கே நீலமாகும், மற்றொன்று, பிராணவாயு எங்கே எலெக்ட்ரான்களை ஏற்றுக் காரத்தன்மையை உண்டாக்குகிறதோ அங்கே இளஞ்சிவப்பாகும். முதலில் இரு நிறங்களும் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தோன்றும். சிறிது நேரத்தில் ஓர் ஒழுங்கு பிறக்கும்: துளியின் விளிம்பெல்லாம் சிவப்பு, நடுப்பகுதியெல்லாம் நீலம், இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம்.

இந்தச் சிறு துளியில் ஒரு பெரிய ஆச்சரியம் அடங்கியிருக்கிறது. துருவுக்குப் பிராணவாயு வேண்டும் என்றோம். அப்படியானால் காற்று தாராளமாகக் கிடைக்கும் விளிம்பில்தானே இரும்பு அரிக்கப்பட வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. காற்று எளிதில் நுழையும் விளிம்பு ஏற்புவாயாகி, தான் அழியாமல் தப்புகிறது. காற்று எட்டாத நடுப்பகுதி கரைவாயாகி அழிகிறது. காற்று மிகுந்த இடத்தின் பசிக்குக் காற்றுக் குறைந்த இடம் இரையாகிறது. இதைக் ‘காற்றேற்ற வேற்றுமை’ எனலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கரைந்த இரும்பு ஓரிடத்தில், துரு படிவது வேறோரிடத்தில். அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்ஸைடு பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, புண்ணை மூடும் பொருக்கைப்போல உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் பொருக்கோ புண்ணுக்குப் பக்கத்தில் கட்டுகிறது; புண் திறந்தே கிடக்கிறது.

எவான்ஸின் துளியை மனத்தில் வைத்துக்கொண்டு பிக்கப் வண்டியின் அடியில் ஒரு முறை சுற்றி வந்தால், அது எங்கெங்கே சாகும் என்பதை முன்கூட்டியே குறித்துவிடலாம். நன்றாகக் காற்றாடும் தட்டையான தகடுகள் பிந்தி அழியும். சேறும் உப்பும் அப்பிக்கொண்டு வெகுநாள் ஈரமாயிருக்கும் மட்கார்டின் உள்மடிப்பு, கதவுக்குக் கீழேயுள்ள பெட்டி வடிவப் படியின் உட்புறம், ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், பட்டா ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் தாங்கிகள், உபரிச் சக்கரம் தொங்கும் இடத்துக்கு மேலான குறுக்குச் சட்டம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பற்றவைக்கப்பட்ட இடுக்குகள் ஆகிய இவைதாம் காற்றெட்டாத நடுத்துளிகள். நாற்புறமும் மூடிய பெட்டிக் குழாயாக அமைந்த சட்டத்தில், மேலேயுள்ள துளைகள் வழியே உப்புச் சேறு நுழைந்து தங்கிவிட, நீர் வடிவதற்காக அடியில் வைத்த துளைகள் அச்சேற்றாலேயே அடைபட்டுப்போகின்றன. வெளியே வர்ணம் அப்பழுக்கின்றி இருக்க, உள்ளிருந்து வெளியே நோக்கித் துரு தின்றுகொண்டு வருவது இதனால்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் கேட்கும் சுபாவமுடையது. ஆகையால் இடுக்கில் பிறந்த துரு இரு தகடுகளையும் ஆப்புப்போல் பிளந்து, இன்னும் நீர் புக வழி செய்துகொள்கிறது.

இப்போது தரகரிடம் திரும்புவோம். உப்பு செய்யும் காரியங்கள் மூன்று. முதலாவது, சுத்தமான நீரில் அயனிகள் அரிது. அது மின்சாரத்துக்கு ஒற்றையடிப் பாதை. உப்பு கரைந்த நீரோ ராஜபாட்டை. கரைவாயும் ஏற்புவாயும் தூரதூரமாக இருந்தாலும் வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது. இரண்டாவது, உப்பிலுள்ள குளோரைடு அயனி இரும்பின்மேல் இயற்கையாக உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்து, அத்துளைக்குள் அமிலத்தன்மையை வளர்க்கிறது. அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்க, இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. மூன்றாவது காரியத்தை நம் வீட்டு உப்பு ஜாடியே சொல்லும். மழைக்காலத்தில் உப்பு கசிந்து நீராவதைப் பார்க்கிறோம் அல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரைக் குடித்துக் கரையத் தொடங்கும். கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடுமோ ஈரப்பதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே குடிக்கத் தொடங்கிவிடும். முதல் சோதனைக் குழாயில் ஆணியைக் காப்பாற்றிய அதே கால்சியம் குளோரைடு, சாலையிலிருந்து தெறித்து வண்டியின்மேல் படிந்துவிட்டால், மழையும் பனியும் இல்லாத நாளிலும் இரும்பை ஈரமாகவே வைத்துக்கொள்கிறது. அங்கே அது காற்றின் ஈரத்தை ஆணியிடமிருந்து பிரித்தது. இங்கே அந்த ஈரத்தை இரும்பின் மடியிலேயே கொண்டுவந்து கட்டுகிறது.

உப்பு மிகுந்தால் அரிப்பும் அதே விகிதத்தில் மிகும் என்று எண்ணிவிடலாகாது. அடர்ந்த உப்புநீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆதலால் இரும்பை மிக வேகமாக அரிப்பது, கடல்நீரைப்போல நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு உப்புடைய நீரே. சாலைக்காரர்கள் பனிக்கு முன்னதாகத் தெளிக்கும் உப்புநீர் 23 சதவிகிதம் அடர்த்தியுடையது; அது உருகிய பனியோடு கலந்து நீர்த்து, சக்கரத்தால் வீசியெறியப்பட்டு வண்டியின் அடியை அடையும்போது, அந்த அபாயகரமான அளவைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் உப்புச் சேறு மெதுவாகவே வேலை செய்யும். அப்படிப்பட்ட வண்டியை இரவில் சூடேற்றிய கொட்டகைக்குள் கொண்டுவந்து கதவடைத்தால், பனி உருகி, உப்பு கரைந்து, இடுக்கெல்லாம் வெதுவெதுப்பான உப்புநீரால் நிறைகிறது. வண்டிக்குச் செய்யும் உபசாரமாக நினைத்து, துருவுக்குச் செய்யும் உபசாரம் அது. கழுவாத வண்டிக்குச் சூடான கொட்டகையைவிடக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகையே மேல்.

இது அழகு கெடும் விஷயம் மட்டுமன்று. பிரேக்குக்கு எண்ணெயழுத்தத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள் சட்டத்தின் உட்பக்கத்தை ஒட்டியே ஓடுகின்றன. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பழைய பிக்கப்களில் இக்குழாய்கள் துருவால் வெடிப்பதை ஆராய்ந்து, 2015-இல் பொதுவான எச்சரிக்கையொன்றை வெளியிட்டு, பழைய வண்டிகளின் அடிப்பாகத்தை ஒழுங்காகக் கழுவும்படியும் பிரேக் குழாய்களைச் சோதித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலான குழாய்கள் துருப்பிடிப்பதில்லை; பழுதான குழாயை மாற்ற நேரும்போது அவற்றைப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

நோயின் மூலம் தெரிந்தபின் மருந்தைப் பார்ப்போம். முதல் வகை மருந்து, இரும்புக்குப் பதிலாக வேறோர் உலோகத்தைக் கரைவாயாக நிறுத்துவது. நம் வீட்டு நாகத் தகட்டு வாளி கீறல் பட்டாலும் எளிதில் துருப்பிடிக்காமலிருப்பதும், தகர டப்பா ஒரு கீறல் விழுந்தவுடன் விரைந்து துருவேறுவதும் இந்த ரகசியத்தாலேதான். துத்தநாகம் இரும்பைவிட விருப்பத்தோடு கரையும் உலோகம். கீறல் விழுந்த இடத்தில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். டப்பாவின்மேல் பூசிய வெள்ளீயமோ கீறல் விழுந்ததும் ஏற்புவாயாகி, இரும்பையே கரையச் செய்யும். துத்தநாகத்தைத் ‘தியாக உலோகம்’ என்றால் மிகையாகாது. இந்தத் தத்துவத்தை 1824-இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்குச் செய்துகாட்டினார். கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகடுகளில் சிறு துத்தநாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ பொருத்த, செம்பு அரிபடாமல் நின்றது. ஆனால் கரையும் செம்பின் விஷத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த கொட்டலசிகளும் பாசியும் கப்பலில் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்துவிட்டன. தத்துவம் வென்றது, பிரயோகம் தோற்றது. இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்ஸில் ஸொரேல் என்பவர் காப்புரிமை பெற்றார்; இன்றைய வண்டிகளின் மேற்கூட்டுத் தகடுகள் பெரும்பாலும் இவ்விதம் துத்தநாகம் பூசப்பட்டவையே. ஆயினும் அப்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்களவுதான். தியாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான பிக்கப்களின் சட்டத்துக்கு அந்தப் பூச்சும் கிடையாது, வர்ணமோ மெழுகோதான்.

இரண்டாவது வகை, நீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் திரையிடுவது. 1960-களில் ஃபோர்டு கம்பெனி நடைமுறைக்குக் கொண்டுவந்த மின்தோய்ப்பு வர்ணம் இவ்வகையில் அற்புதமான கண்டுபிடிப்பு. வண்டியின் கூடு முழுவதையும் வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், வர்ணத் துகள்கள் உலோகத்தை நாடிச் சென்று படிகின்றன. படிந்த இடம் மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால், மின்சாரம் இன்னும் வெறுமையாயுள்ள மூலைமுடுக்குகளைத் தேடிப் போகிறது; தூரிகையோ தெளிப்பானோ எட்டாத மடிப்புகளிலும் வர்ணம் சேர்கிறது. இப்படலத்தின் கனம் நம் தலைமயிரில் பாதிகூட இல்லை. கூழாங்கல் ஒன்று தெறித்தால் போதும், திரையில் ஓட்டை விழுந்துவிடும். அதே ஃபோர்டு கம்பெனி 2015-ஆம் வருஷத்து மாதிரி முதல் தன் எஃப்-150 பிக்கப்பின் மேற்கூட்டை அலுமினியத்தால் செய்யத் தொடங்கியது. சட்டமோ உருக்காகவே இருந்தது. துருப்பிடிக்காத உடம்பு கிடைத்தாலும், இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் புதியதொரு மின்கலம் பிறக்குமாதலால், அவை சேருமிடங்களில் காப்புப் பூச்சுக்கள் இட்டுப் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பாட்டரியோடு இணைத்தால் துருவை நிறுத்திவிடும் என்று சொல்லி விற்கப்படும் சிறு மின்பெட்டிகள் உண்டு. மின்னோட்டத்தால் இரும்பைக் காப்பது உண்மையான கலையே. கப்பல்களும் நிலத்தடிக் குழாய்களும் அவ்விதம் காக்கப்படுகின்றன. ஆனால் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் கடலில் மூழ்கியிருக்கிறது, குழாய் முழுவதும் ஈர மண்ணில் புதைந்திருக்கிறது. மின்சாரம் வட்டமிட்டுத் திரும்ப ஒரே தொடர்ச்சியான வழி அங்கே உண்டு. வண்டியிலோ இங்கொரு நனைந்த திட்டு, அங்கொரு நனைந்த திட்டு. அவற்றுக்கிடையே வெறும் காற்று. நான்காவது அங்கமாகிய நீர்வழி அறுபட்டிருப்பதால் அந்தக் காப்பு மின்சாரம் போய்ச் சேர வழியே இல்லை. 1990-களில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அத்தகைய கருவியொன்றை விற்றவர்கள்மீது, அவர்கள் அளித்த வாக்குறுதிகளுக்கு ஆதாரமில்லையென்று நடவடிக்கை எடுத்தது.

வண்டிக்காரர் தாமே செய்துகொள்ளக்கூடிய திரைகள் இரண்டு விதம். ஒன்று, தார் அல்லது ரப்பர் கலந்து கெட்டியாக உலரும் கறுப்புப் பூச்சு; மற்றொன்று, என்றும் உலராத எண்ணெய் அல்லது மெழுகுப் பூச்சு. கறுப்புப் பூச்சு பார்க்கத் திடமாகவும் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல அது குளிரில் விறைத்து, கல்லடி பட்டு வெடிக்கிறது; வெடிப்பின் வழியே உப்புநீர் உள்ளே புகுந்து, பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே சிறைப்படுகிறது. காற்றெட்டாத, காயாத ஓர் இடுக்கு! எவான்ஸின் நடுத்துளியை நாமே விலை கொடுத்து உண்டாக்கிவிட்டோம். எண்ணெய்ப் பூச்சோ விளக்குத் திரியில் ஏறும் எண்ணெயைப்போல இடுக்குகளில் தானாகவே ஊர்ந்து நுழைந்து, அங்கிருக்கும் நீரை அப்புறப்படுத்துகிறது. கீறல் பட்டாலும் மெதுவாகப் பரவி மூடிக்கொள்கிறது. ஆட்டு ரோமத்திலிருந்து பிரித்தெடுக்கும் லானோலின் என்னும் கம்பளிக் கொழுப்பு இதற்கு மிகவும் உகந்தது. மழையில் நனையும் ஆட்டின் ரோமத்தை நீர் ஏறாமல் காக்கும் அதே பொருள் இங்கே இரும்பைக் காக்கிறது. இதன் குறை ஒன்றே: சக்கரங்கள் வாரியிறைக்கும் நீரால் அது தேய்ந்து போகும், ஆகையால் ஒவ்வொரு வருஷமும் திரும்பப் பூச வேண்டும்.

பூசும் காலம் பனிக்காலத்துக்கு முந்திய உலர்ந்த நாட்கள். சற்று வெதுவெதுப்பான நாளில் எண்ணெய் நன்றாக ஊரும். முதலில் அடிப்பாகத்தைக் கழுவி, முற்றிலும் காயவிட வேண்டும். வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். எண்ணெய் பூசியபின்னும் அவை திறந்தே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் வெளிப்புறத்தில் பூசுவதோடு நின்றுவிடாமல், நாற்புறமும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயைத் துளைகளின் வழியே விட்டு உட்புறத்தையும் நனைக்க வேண்டும். கதவுகளின் அடிமடிப்பு, படிப்பெட்டி, பின்கதவின் உள்ளே ஆகிய இடங்களிலும் அப்படியே. பிரேக் தட்டுகளிலும் சூடேறும் புகைக்குழாயிலும் எண்ணெய் படலாகாது.

பனிக்காலத்தில் செய்ய வேண்டியது கழுவுதல். வெப்பநிலை பூஜ்யத்துக்குமேல் ஏறும் நாளாகப் பார்த்து, மேற்பக்கத்தைவிட அடிப்பக்கத்துக்கு அதிக நீர் செலவிட வேண்டும். பயன்படுத்திய நீரையே வடிகட்டித் திரும்பப் பாய்ச்சும் கழுவிடங்களில் அந்நீரில் பிற வண்டிகளின் உப்பு கலந்திருக்கலாமாகையால், கடைசி அலசல் புதுநீராலேயே என்று கேட்டறிந்துகொள்வது நலம். எல்லாவற்றிலும் முக்கியமானது வசந்தகாலத்தின் முதல் பெருங்கழுவல். பனி முடிந்துவிட்டதென்று உப்பைச் சட்டத்துக்குள் விட்டுவைத்தால், வெயில் ஏற ஏற அதன் வேலையும் ஏறும். ஒவ்வொரு துளையின் வழியாகவும் நீர் பாய்ச்சி, சேறில்லாத தெளிந்த நீர் வடியும்வரை அலச வேண்டும்.

முன்பே துருப்பிடித்த வண்டியைப் பற்றியும் ஒரு சொல். பெயரும் துருவையெல்லாம் சுத்தியலாலும் கம்பிப் புருசாலும் நீக்கிவிட்டு, எஞ்சிய இறுகிய துருவின்மேல் டானின் அமிலம் கலந்த ‘துருமாற்றி’யைத் தடவினால் பழுப்பு கறுப்பாக மாறும். இந்த ரசாயனம் நமக்குப் புதிதன்று. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை கூட்டினார்கள். கடுக்காயின் துவர்ப்பில் உள்ளது டானின், அன்னபேதி இரும்பின் உப்பு. அந்த மையின் கருமைதான் துருவின்மேல் படியும் கருமையும். அது நிலைத்த படலமேயன்றிக் கவசமாகாது. அதன்மேல் வர்ணமும் எண்ணெயும் அவசியம். போன பலத்தையும் அது திரும்பத் தராது. ஸ்பிரிங் தாங்கியின் அருகிலோ ஸ்டீயரிங் பொருந்தும் இடத்திலோ சட்டம் ஓட்டையாகியிருந்தால், தேர்ந்த வெல்டிங்காரர் பார்த்துச் சொல்லும்வரை அவ்வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகலாகாது.

எந்தப் பூச்சு சிறந்தது என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்? பூசிய தகட்டை 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டிக்குள் வைத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புடைய நீரை மூடுபனியாக இடைவிடாமல் தெளிக்கும் சோதனை நெடுங்காலமாக வழக்கிலிருக்கிறது. ஆனால் உண்மையான சாலை ஒரே சீராக நனைப்பதில்லை. நனைக்கிறது, காயவைக்கிறது, உறையவைக்கிறது, மீண்டும் நனைக்கிறது. ஆகவே இவற்றை மாற்றி மாற்றிச் செய்யும் சுழற்சிச் சோதனைகள் பின்னர் வந்தன. அவற்றுக்கும் மேலான நீதிபதி திறந்த வெளிதான். நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றுக்குத் திறந்துவைத்துப் பார்த்ததும் இந்தக் காரணத்தாலேயே. பாம்பன் பாலத்துக்குக் கடல் கொண்டுவரும் உப்பை, மிச்சிகன் வண்டிக்குச் சுரங்கம் கொண்டுவருகிறது; வட்டம் ஒன்றே, விதி ஒன்றே.

இவ்வளவும் சொன்னபின், செய்ய வேண்டியது நம் பாட்டிமார் இரும்புத் தோசைக்கல்லுக்குச் செய்ததுதான் என்பது விளங்கும்: கழுவுவது, ஈரம் போகத் துடைப்பது, எண்ணெய் தடவி வைப்பது. ஒரே தடவை தடித்த பூச்சுப் பூசிவிட்டு மறந்துவிடுகிறவரின் வண்டியைவிட, வருஷந்தோறும் மெல்லிய எண்ணெயிட்டுக் கழுவி வருகிறவரின் வண்டி நீடித்து உழைக்கும். டொராண்டோவிலும் மாண்ட்ரியாலிலும் உப்பிட்ட சாலைகளில் வண்டி ஓட்டும் தமிழன்பர்களுக்கும், அவ்வூர்களில் பழைய பிக்கப் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வர்ணத்தின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதற்பனி விழுவதற்கு முன்னால், உலர்ந்த நாளொன்றில், ஒரு விளக்கையும் சிறு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலேயுள்ள சட்டத்தைத் தட்டி, அதன் ஓசையைக் கேளுங்கள்.